அப்பா ஓட்டல்

14

விமல்ராஜ் மஸ்கட்டிலிருந்து வந்து ஒன்பது நாளாகிறது. கொண்டுவந்த பேரீச்சம்பழம் தெருவுக்கெல்லாம் பங்காகிவிட்டது. தைலம் அக்கம்பக்கத்து முழங்கால்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. புதன்கிழமை திரும்ப விமானம்.

இந்த ஒன்பது நாளில் அப்பாவின் முகத்தைப் பார்த்து அவன் முழுதாக ஒரு பேச்சு பேசவில்லை.

"இன்னாடா இது, அப்பனும் புள்ளயும் பேச்ச ரேஷன்ல வாங்கற மாதிரி பேசிக்கிறீங்க?" என்று அம்மா ராஜம்மாள்கூடக் கேட்டுவிட்டாள்.

காரணம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவனும், அவன் அப்பா தருமனும்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் நடந்தது அது. செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் அப்பா இறங்கிக்கொண்டு, "வண்டியத் திருப்பி வெய்டா" என்றார். அவ்வளவுதான் வேலை. விமல்ராஜின் ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு கையில் போன். மஸ்கட் வேலைக்கான ஏஜென்ட் பாஸ்போர்ட் விண்ணப்ப நம்பர் கேட்டிருந்தான். விமல்ராஜ் அதை வாயால் சொல்ல, போன் எழுதிக்கொண்டிருந்தது. ஐந்தாவது எண்ணுக்கும் ஆறாவது எண்ணுக்கும் நடுவில், பூக்கூடையோடு வந்த அர்ஜுனனின் மொபெட்மேல் வண்டி மோதிவிட்டது.

ரோடெல்லாம் மல்லிகை. அர்ஜுனனின் வலது கால் முட்டிக்குக் கீழே உடைந்திருந்தது.

டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்த தருமன், முதலில் மயங்கிக் கிடந்த அர்ஜுனனைத் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்தார். அப்புறம், கூட்டம் கூடுவதற்குள் கார்க் கதவைத் திறந்து, மகனைச் சட்டையோடு பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். தான் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வர்ற நேரம்டா. கூட்டத்தோட கூட்டமா போயி நில்லு."

போலீஸ்காரர் வந்து, "யாருய்யா ஓட்டினது?" என்று கேட்டபோது, முப்பத்திரண்டு வருஷம் வண்டிக்கு ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், "நான்தான் சார்" என்றார்.

விமல்ராஜ் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். இரண்டு மாதத்தில் விமானம் ஏறினான்.

*

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பாவின் வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் இன்றைக்கு ராத்திரியோடு முடிகிறது. அது போதாதென்று இன்னொரு விஷயமும் இன்றைக்கே வந்து சேர்ந்திருந்தது. ரமணாசிரமம் பக்கம் இருக்கிற ஒரு பெரிய விருந்தினர் விடுதி, வருஷ ஒப்பந்தத்தில் கார் கேட்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு ஆட்களைக் கூட்டி வர, ஊரைச் சுற்றிக் காட்ட. தருமன் மூன்று மாதமாக நடையாய் நடந்து பிடித்த வேலை. ஃபுல் கவர் இன்சூரன்ஸ் பேப்பரை நாலு மணிக்குள் கொண்டுவந்து காட்டினால் கையெழுத்து.

"கண்ணாடி எங்க?" என்றாள் ராஜம்மாள்.

தருமன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"பைக்குள்ள இருந்தா ரோடு தெரியுமா? போடுங்க மூஞ்சில. அன்னைக்கே போட்டுக்கினு இருந்தா அந்தப் பூக்காரன் கால் முழுசா இருந்திருக்கும். கண்ணு மங்கிப்போச்சின்னு ஒத்துக்கவே மாட்டேன்னாரு. நான்தான் கண் முகாமுக்கு இஸ்துக்கினு போனேன்." இது மகனுக்கு.

தருமன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்தி அழுத்தி, பதினோரு மாதத்தில் பயறு அளவு பள்ளம் விழுந்திருந்தது.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை ரேவதி சிரித்தாள். "அந்தக் கண்ணாடிய போட்டா அப்பா வாத்தியாரு மாதிரி இருக்காருண்ணா. ஆனா பேப்பர் படிக்கறப்ப மட்டும் கழட்டி வெச்சிடுவாரு. ஏன்னே தெரியல."

விமல்ராஜுக்குத் தெரியும். அப்பாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பதுபோல் முகாமில் எழுத்துகளைத் தப்புத்தப்பாக வாசித்துக் காட்டி வாங்கிய கண்ணாடி அது. அவன் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

*

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஏஜென்ட் கலையரசனின் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நாலு நாற்காலி. சுவரில் அண்ணாமலையார் படம் போட்ட காலண்டர்.

"வாங்க தருமண்ணே! இது யாரு, மஸ்கட் தம்பியா? நல்லா கறுத்துட்டியே, அங்க வெயிலு ஜாஸ்தியோ?"

"ஆமாண்ணே."

கலையரசன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க வண்டியோட ஜாதகம்ணே. போன வருஷம் வரைக்கும் ராஜயோகம். அஞ்சு வருஷமா ஒரு கிளெய்ம் கெடையாது, பாதிக்குப் பாதி தள்ளுபடி. இப்ப பாருங்க, பூஜ்யம். ஒரே ஒரு விபத்து. மொத்த தள்ளுபடியும் போயே போச்சு."

"பரிகாரம் இன்னா?" என்றார் தருமன்.

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கலாம். கம்மியில முடிஞ்சிடும், போலீஸும் புடிக்க மாட்டான். ஆனா நீங்க எவனயாவது இடிச்சா அவனுக்குத்தான் கெடைக்கும். உங்க வண்டி நசுங்கினா நீங்களே தட்டி நிமித்திக்க வேண்டியதுதான்."

"அது ஆவாது. விடுதிக்காரங்க ஃபுல் கவர்தான் கேக்கறாங்க."

"அப்ப ஜாஸ்திதான். கிளெய்ம்னு வந்தா மொதல்ல இவ்ளோ என் கைக்காசுன்னு நீங்க எழுதிக் குடுத்தா கொஞ்சம் எறங்கும். உள்ள உக்கார்ற ஆளுங்களுக்கும் தனியா சேத்துடலாம்." கலையரசன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. ரெண்டு கம்பெனி உங்க பேர பாத்துட்டு ஃபுல் கவர் மாட்டேன்னுட்டான். மூணாவது கம்பெனிக்காரன்தான் ஃபாரம் அனுப்பியிருக்கான். அதுல டிரைவரப் பத்தி நாலு கேள்வி."

உங்க பேரைப் பார்த்துட்டு. விமல்ராஜ் காலண்டரைப் பார்த்தான்.

கலையரசன் வாசித்தார். "வண்டியை வழக்கமாக ஓட்டுபவர் யார்? தருமன். வயசு, அம்பத்தெட்டு. இவர் இதற்கு முன் விபத்து ஏதும் ஏற்படுத்தியிருக்கிறாரா? ஆம், இல்லை." பேனாவை நீட்டியபடி கண்ணைச் சிமிட்டினார். "இல்லைன்னு டிக் போட்டுடலாமா? சில பேரு போடறாங்க. அப்பறம் கிளெய்ம் வர்றப்ப மாட்டிக்கிறாங்க, அது வேற."

"வேணாம் கலை. பொய்யெல்லாம் எழுத வேணாம்."

தருமன் பேனாவை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். 'ஆம்' என்பதற்கு நேராக அழுத்தி டிக் போட்டார். கீழே விவரம் எழுத ஒரு கோடு இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன உருட்டு எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, 'என்னுடைய கவனக்குறைவால்' என்று எழுதினார்.

விமல்ராஜ் அந்த நாலு அங்குலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான், போகவில்லை.

தருமனின் போன் அடித்தது. விடுதி மேனேஜர் பிரகாஷ். தருமன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணே, பேப்பர் ரெடியா?"

"ஆயிடுச்சி சார். நாலு மணிக்கு முன்னாடியே வந்துடுவேன்."

"அதில்லண்ணே..." பிரகாஷ் இழுத்தான். "ஓனரம்மா உங்களப் பத்தி விசாரிச்சிருக்காங்க. கோர்ட்ல கேஸ் இருக்கற டிரைவர் வேணாங்கறாங்க. கெஸ்ட்டுங்கள்லாம் பயப்படுவாங்களாம். தப்பா நெனச்சிக்காதீங்க. வண்டி உங்க வண்டியே ஓடட்டும். ஓட்டறதுக்கு மட்டும் வேற ஆளு போட்டுடுங்களேன்."

கலையரசன் ஒன்றும் காதில் விழாதவர்போல் மேஜை டிராயரைத் திறந்து மூடினார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"இன்னா சொல்றீங்க?"

"சரி சார்."

முப்பத்திரண்டு வருஷம். அதை விட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை.

போனை வைத்ததும் கலையரசன் ஆறுதலாக ஆரம்பித்தார். "உடுங்கண்ணே. முதலாளி ஆயிட்டீங்கன்னு நெனச்சிக்குங்க. டிரைவர் பேரு மாத்தணும், அவ்ளோதானே? ஏன், தம்பி பேரையே போட்டா இன்னா? தம்பி, உன் லைசென்ஸ்ல கேஸு கீஸு எதுனா இருக்குதா?"

விமல்ராஜ் மறுபடி காலண்டரைப் பார்த்தான். "இல்லண்ணே."

"பாத்தீங்களா! ஒரு கறை இல்ல. அப்பன் பேரு போன எடத்துல புள்ள பேரு நிக்குது."

"அவன் புதன்கிழம கெளம்பறான்," என்றார் தருமன் சட்டென்று. "நம்ம ஸ்டாண்டு வல்லரசு சும்மாத்தான் இருக்கான். அவன் லைசென்ஸ் காப்பி வாங்கியாறேன். வேற ஃபாரம் எடுத்து வெய்யி."

போகும்போது கார்ச் சாவியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கார் வாசலிலேயே நிற்க, ஷேர் ஆட்டோவில் ஏறி ஊருக்குள் போனார்.

*

ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றான் விமல்ராஜ். டீ வாங்கினான், குடிக்கவில்லை.

அப்பா வந்தால் வல்லரசு பேர் ஏறிவிடும். அப்புறம் அந்த சீட்டில் அப்பா உட்கார முடியாது. சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும். ஆனால் யாரிடம், எந்த வாயால்?

வீட்டு குரூப்பைத் திறந்தான். அதற்கு 'நம்ம வீடு' என்று ரேவதி பெயர் வைத்திருந்தாள். நாலே பேர். மஸ்கட் போனதிலிருந்தே அவன் வீட்டுக்குப் பேசித்தான் எழுதுவான். அங்கே வேலை பார்க்கிற கிடங்கில் இரண்டு கையிலும் பெட்டி இருக்கும். வாய் மட்டும்தான் சும்மா இருக்கும். குரலாகவே அனுப்பினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "எழுத்தா இருந்தாத்தான் ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேக்கலாம்" என்பாள். அதனால் அவன் பேச, போன் எழுத, ரேவதி உரக்கப் படிப்பாள்.

எந்தப் பழக்கம் அர்ஜுனனின் காலை உடைத்ததோ அதே பழக்கம். கட்டைவிரலை மைக் படத்தின்மேல் வைத்தான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும். போனை உதட்டருகில் வைத்து முணுமுணுத்தான்.

"அம்மா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். அப்பா ஓட்டல. நான்தான். இனிமே அப்பா யாருக்கும் தலைகுனிய வேணாம்."

படித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு போனைப் பைக்குள் போட்டு, பையின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். பிறகு போன் நடுங்கியது. அம்மா.

பச்சையை அழுத்தினான். எதிரில் அழுகைச் சத்தம். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய் ராஜா..." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இத மனசுல வெச்சிக்கினுதான் ஒம்பது நாளா ஊமையாட்டம் சுத்தினியா? பக்கத்து வூட்டு சந்திரம்மா பேத்தியத்தான் படிக்கச் சொன்னேன். மூணு வாட்டி படிக்க வெச்சேன்டா."

"அம்மா, நான்..."

"எங்கடா வெக்கப் போற? ஆஸ்ரமத்து பக்கமா, பஸ் ஸ்டாண்டு பக்கமா?"

"எத?"

"ஓட்டல!"

விமல்ராஜுக்கு முதலில் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அனுப்பியதைப் பார்த்தான். அங்கே இப்படி இருந்தது:

அம்மா ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன் அப்பா ஓட்டல் நான்தான் இனிமே அப்பா யாருக்கும் தலைகுனிய வேணாம்

ஒரு புள்ளி. 'ல'வின் தலையில் ஒரே ஒரு புள்ளி. அதற்குக் கீழே காலேஜிலிருந்து ரேவதி: 'டேய் அண்ணா!!! அப்பா ஓட்டலா? பேரே சூப்பர். கல்லாவுல நான்தான் உக்காருவேன்.'

"அப்பா ஓட்டல்னு பேரு வெச்சி, அதுல நான்தான் ஓனருன்னு சொல்றியே, அத நெனச்சாத்தான்டா..." அம்மாவுக்கு மறுபடி அழுகை வந்தது. "அந்த மனுசன் இந்த ஒரு வருஷமா எம்மாம் தலைகுனிஞ்சி நடந்தாரு தெரியுமா? நானும் வாய் ஓயாம கண்ணு தெரியல கண்ணு தெரியலன்னு குத்திக்கினே இருந்தேன். இனிமே ஸ்டீயரிங்கே புடிக்க வேணாம், கல்லாவுல உக்காரட்டும். ரேவதி வேணும்னா இட்லி மாவு ஆட்டட்டும். எப்படா ஆரம்பிக்கற?"

இப்போது சொல்ல வேண்டும். 'ஓட்டல் இல்லம்மா, ஓட்டல' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

"இன்னும்... இன்னும் முடிவு பண்ணலம்மா," என்றது அவன் வாய்.

"மெதுவா பண்ணு. நான் அவருக்கு போன் போட்டுச் சொல்லிடறேன்!"

வைத்துவிட்டாள். விமல்ராஜ் அப்படியே நின்றான். ஆறிப்போன டீயில் ஒரு ஈ விழுந்து நீந்திக்கொண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்ற நாளில்கூடத் தன்னை இவ்வளவு அருவருப்பாக அவன் உணர்ந்ததில்லை. அன்றைக்கு அப்பா தள்ளிவிட்டார். இன்றைக்கு யாரும் தள்ளவில்லை, அவனே நகர்ந்து போய் நின்றுகொண்டான்.

*

மூன்று மணி சுமாருக்கு தருமன் வந்தார். கையில் வல்லரசுவின் லைசென்ஸ் நகல். உடனே உள்ளே போகவில்லை. மகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கம்மா போன் பண்ணா."

"ம்."

"அப்பா ஓட்டல்னு எழுதியிருக்கியாம்."

விமல்ராஜ் தலை நிமிரவில்லை.

"அவ சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சி போச்சி," என்றார் தருமன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "அவளுக்கு அது ஓட்டலாவே இருக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சி, எடம் சரியா அமையலம்மான்னு சொல்லிடு. புதன்கிழம நல்லபடியா வண்டி ஏறு. நான் பாத்துக்கறேன்."

"நீ ஓட்டாம எப்படிப்பா இருப்ப?"

"வல்லரசு பக்கத்துல உக்காந்துக்கினு போறேன். ரோடு ஒண்ணும் ஓடிப்போவாது."

சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதை மறைக்கிற மாதிரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பக்கத்தில் ராஜம்மாள் இல்லாதபோதும் மாட்டிக்கொண்டார்.

விமல்ராஜ் பின்னாலேயே போனான்.

கலையரசன் புது ஃபாரத்தை விரித்திருந்தார். "வழக்கமாக ஓட்டுபவர், வல்லரசு. விபத்து, இல்லை. உரிமையாளர் கையெழுத்து இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பழைய ஃபாரத்தக் கிழிச்சிப் போட்டுடட்டுமா?"

அப்பா எழுதிய கோடு, கலையரசனின் இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது. 'என்னுடைய கவனக்குறைவால்.'

"அப்பா ஓட்டல," என்றான் விமல்ராஜ்.

"எந்த ஓட்டலு?" என்றார் கலையரசன். "சாப்டலயா தம்பி இன்னும்?"

"டேய், வெளிய போ," என்றார் தருமன்.

"செங்கம் ரோட்டுல அர்ஜுனன இடிச்ச அன்னைக்கு வண்டிய அப்பா ஓட்டல. அப்பா டீக்கடையில நின்னாரு. நான்தான் ஓட்டினேன். போன்ல பேசிக்கினே ஓட்டினேன். அப்பா என்னை எறக்கிட்டு ஏறி உக்காந்துக்கினாரு."

கலையரசன் ஃபாரத்தைத் தீயைத் தொட்டவர்போல மேஜைமேல் போட்டார்.

"ஏன் தம்பி, இத ஏன் என்கிட்ட சொன்ன? நான் கேக்கலன்னு வெச்சிக்கட்டுமா?"

"கேட்டதாவே வெச்சிக்குங்கண்ணே."

"தெரியாத வரைக்கும் நான் ஏஜென்ட்டு. தெரிஞ்சப்பறம் மறைச்சா நானும் கூட்டாளி. நான் புள்ளகுட்டிக்காரன்யா." கலையரசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விபூதி கையோடு வந்தது. "தருமண்ணே, பழைய கிளெய்ம கம்பெனிக்காரன் தோண்டுவான். வண்டிக்குக் குடுத்தத திருப்பிக் கேப்பான். அர்ஜுனன் கேஸு கோர்ட்டுல இருக்குது, அங்கயும் மாத்திச் சொல்லணும். போலீசு வேற. தம்பி புதன்கிழம ஏறுமா ஏறாதான்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு வக்கீலப் புடிச்சிக்கினு வாங்க."

"இன்னைக்கு?" என்றான் விமல்ராஜ்.

"இன்னைக்கு தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு உடறேன். வண்டி ரோட்டுல நிக்கலாம், சட்டத்துக்குக் குத்தம் இல்ல. ஃபுல் கவரெல்லாம் உண்மைய எழுதிக் குடுத்தப்பறம்தான். எந்த கம்பெனி ஏத்துக்குவான்னு அப்ப பாக்கலாம்."

விடுதி வேலை அதோடு போனது. சுவர்க்கடிகாரத்தில் மூன்றரை.

தருமன் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார், அறைவார் என்று விமல்ராஜ் காத்திருந்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"காலையில இவன் இல்லைன்னு போடலாமான்னு கேட்டான்," என்றார் தருமன், கலையரசனைக் காட்டி. குரல் எழும்பவே இல்லை. "பொய் எழுத வேணாம்னு பெரிய மனுசனாட்டம் சொன்னேன். இத்தன நாளா இடிச்சவன்னு தலைகுனிஞ்சேன்டா. அது எனக்குப் பழகிப்போச்சி. இனிமே பொய் சொன்னவன்னு குனியணும். இது எனக்குத் தெரியாதே, எப்படிடா குனியறது?"

தலைகுனிவை அப்பாவிடமிருந்து எடுத்துவிடலாம் என்று விமல்ராஜ் நினைத்திருந்தான். அது எடுக்கிற மாதிரியான பொருளாக இல்லை. அப்பாவில் பாதியைப் பிய்த்துக்கொண்டுதான் வந்திருந்தது.

பைக்குள் அவன் போன் அடித்தது. வெளியே எடுத்துப் பார்த்தான். திரையில் 'அம்மா'.

"எடுக்காத," என்றார் தருமன்.

இரண்டு முறை அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தான். காதில் வைத்துக்கொள்ளக் கை துணியவில்லை. அப்பாவைப் போலவே ஸ்பீக்கரைத் தட்டி மேஜைமேல் வைத்தான்.

"டேய் ராஜா, சந்திரம்மா ஒரு யோசன சொன்னா. போர்டுல உங்கப்பா படம் போடணுமாம், கண்ணாடி போட்ட படம்! அதான் லட்சணமா இருக்குமாம்..."

"அம்மா, நான் அனுப்பினத இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?"

"அதுக்கென்ன, எத்தன வாட்டி வேணும்னாலும் படி."

"போன் தப்பா எழுதிடுச்சிம்மா. நானே வாயால சொல்றேன், கேளு." அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன். அன்னைக்கு வண்டிய அப்பா ஓட்டல." அந்த இடத்தில் நிறுத்தினான். போன் விழுங்கியிருந்த நிறுத்தம் அது. "நான்தான் ஓட்டினேன்."

போனில் குக்கர் விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது விசிலுக்கு யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"அம்மா?"

ராஜம்மாளின் குரல் வந்தது. அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"அப்ப, அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதா?"

விமல்ராஜ் அப்பாவைப் பார்த்தான். ஒன்பது நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். தருமன் மடித்த கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் அந்தப் பள்ளங்கள் சிவந்திருந்தன.

"தெரியும்மா."

"பதினோரு மாசமா நான் பேசின பேச்செல்லாம்..." ராஜம்மாள் முடிக்கவில்லை. அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. "போன அவருகிட்ட குடு."

விமல்ராஜ் போனை எடுத்து அப்பாவின் பக்கம் நீட்டினான்.

தருமன் வாங்கவில்லை.